தம்பி, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க

உயில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மகனோ மருமகனோ கைபிடித்து அழைத்து வருவார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அழைத்து வந்தவர் கையில்தான் இருக்கும். பேச்சும் அவரிடமிருந்துதான் தொடங்கும். "அப்பா வீட்டை என் பேருக்கு எழுதிடலாம்னு பிரியப்படறார் சார்." சொத்துக்காரர் பக்கத்து நாற்காலியில் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

சட்டம் படித்து முடித்து ஜூனியராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டேன். சீனியர் பத்திரங்களைத் தொடவே இல்லை. "தம்பி, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றார்.

"அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது சார், நான் கூட இருந்தா..."

"பரவாயில்ல. எனக்குச் சத்தமாப் பேச வரும்."

மகன் முகம் சுருங்கியது. கட்டணம் கொடுக்கப்போவது அவர்தான் என்பது எனக்குத் தெரியும். இப்படிப் பேசினால் கட்சிக்காரர் எப்படி வருவார் என்று அன்று நினைத்தேன். உயில் வழக்குக் கட்டுகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 1958இல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லா நீதிமன்றங்களும் எடுத்துப் பேசுகின்றன. உயிலைக் கொண்டுவந்து காட்டுகிறவர்தான் அதன்மேல் விழும் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். உயிலால் பெரிய லாபம் அடைகிறவரே அதை எழுதவைப்பதில் முன்னின்றார் என்றால், அதுவே ஒரு சந்தேகம். மகனை வெளியே அனுப்பியது அந்த மகனுக்குச் செய்த உதவி. நாளைக்குக் கூண்டில் ஏறி, "அப்பா வக்கீலிடம் பேசும்போது நான் அறையில் இல்லை" என்று அவரால் உண்மையாகச் சொல்ல முடியும்.

கதவு சாத்தியதும் சீனியர் கேட்கும் முதல் கேள்வி சொத்தைப் பற்றியதாக இருக்காது. "பிள்ளைங்க எத்தனை பேர்?"

இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது என்றுதான் நினைத்தேன். ஒரு பெரியவர் "ரெண்டு" என்றார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் "மூணு" என்றார். மூத்த மகள் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். பதினெட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவளுக்கு எதுவும் கிடையாது, பெயர்கூட வரக்கூடாது என்றார்.

சீனியர் மறுத்துப் பேசவில்லை. "உங்க சுயசம்பாத்தியம், யாருக்கு வேணா எழுதலாம். ஆனா அவங்க பேரை எழுதி, ஏன் விடறீங்கன்னு ஒரு வரியும் எழுதணும். ஒரு பிள்ளையோட பேரே இல்லாத உயிலை எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தா, பெத்த பொண்ணே ஞாபகம் இல்லாத மனுஷர்னு சொல்லிடுவார்."

அந்த ஒரு வரியை எழுதிக்கொள்ள நான் பேனாவோடு உட்கார்ந்தேன். பெரியவர் மூன்று தடவை ஆரம்பித்தார். மூன்று தடவையும் பாதியில் நின்றது. அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவர் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தார், இந்த முறை தனியாக. "அவளுக்கும் ஒரு பங்கு போட்டுடுங்க. காரணம் எழுத வரல சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், நாங்களும் வேறெதுவும் கேட்கவில்லை.

உயிலே எழுதாமல் போனால் என்ன ஆகும்? சட்டப்படி வாரிசுகளுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாரிசுகள் யார் யார் என்பதில்தான் ஆட்கள் அசந்துபோகிறார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, பிள்ளைகளோடு அம்மாவும் சம பங்குக்காரர். அப்பா அந்தப் பட்டியலில் இல்லை. நாற்பது வயதில் கணவரை இழந்த ஒரு பெண், அவர் கடன் போட்டு வாங்கிய அடுக்குமாடி வீட்டை விற்பதற்காக வந்தார். இரண்டு குழந்தைகள். "மாமியார் கையெழுத்து எதுக்கு?" என்று கேட்டார். நாலில் ஒரு பங்கு மாமியாருடையது என்று விளக்கினோம். மாமியாரோடு நல்ல உறவுதான், இருந்தும் நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். மாமியாரும் உயில் எழுதாமல் காலமானார். அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போனது. இறந்த மகன் வழியில் பேரக்குழந்தைகளுக்கு ஒரு பகுதி, மிச்சம் மாமியாரின் மற்ற பிள்ளைகளான கணவரின் அண்ணனுக்கும் தங்கைக்கும். மனைவி பெயருக்குக் கணவர் இரண்டு பக்கத்தில் ஓர் உயில் எழுதிவைத்திருந்தால் இத்தனை கையெழுத்துக்கு அலைந்திருக்க வேண்டாம்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம் என்பேன். குழந்தை இல்லாத, கணவரை இழந்த ஓர் ஆசிரியை. சம்பாத்தியம் முழுவதும் அவருடையது. வயதான அம்மாவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். உயில் எழுதாமல் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதே சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அவர் சம்பாதித்த சொத்து முதலில் போவது கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற அம்மா அதற்குப் பின்னால்தான். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பிரிவை எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இன்னைக்கே எழுதிடலாமா?" என்றார். வேலைக்குப் போகிற பெண்கள் யார் வந்தாலும், கேட்காவிட்டாலும், இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

இதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் தனி விதிகள் உண்டு. முஸ்லிம்கள் பொதுவாக, வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலாக எழுத முடியாது. பூர்வீகச் சொத்து என்றால் அது வேறு கதை. 2005 திருத்தத்துக்குப் பிறகு அதில் மகளுக்கும் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை. அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுதலாம், மொத்தத்தையும் அல்ல. இதைச் சொல்லும்போது எழுந்து போய்விட்டவர்களும் உண்டு.

வருகிறவர்கள் கொண்டுவரும் தவறான நம்பிக்கைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டும் என்பார்கள்; வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்யாத உயில் செல்லாது என்பார்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவைப்பது நல்லது. வங்கியில் நாமினி போட்டாச்சு, அது போதும் என்பார்கள். வங்கிப் பணத்தில் நாமினி என்பவர் அதைக் கைநீட்டி வாங்குகிறவர். அந்தப் பணம் வாரிசுகளுக்கு உரியது. மகனுக்குப் பவர் கொடுத்திருக்கிறேன், அப்புறம் அவன் பார்த்துக்கொள்வான் என்பார்கள். கொடுத்தவர் கண்ணை மூடினால் பவரும் சாதாரணமாக அதோடு முடிந்துவிடும்.

தானசெட்டில்மெண்ட் விஷயத்தில் மட்டும் சீனியர் கொஞ்சம் குரல் உயர்த்துவார். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அது பேசுவது இறப்புக்குப் பிறகு. செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடும், நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. "இருக்கிற வீட்டைக் கொடுத்துட்டு எங்க போய் உட்காருவீங்க?" என்று நேராகவே கேட்பார். கொடுத்தே தீருவேன் என்றால், ஆயுள் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையையும், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதாமல் விடமாட்டார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. பிள்ளை அதை மீறினால் தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

சரி, என் தவறையும் சொல்லிவிடுகிறேன்.

தனியாக நான் எழுதிய முதல் உயில்களில் ஒன்று. எழுபது வயதுக்காரர். கணக்கு வழக்கெல்லாம் பிசகில்லாமல் இருந்தது, சர்வே எண், நான்கு எல்லைகள், பின்னால் வாங்கப்போகும் சொத்து யாருக்கு என்பது உட்பட. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். யாரை அழைத்து வரலாம் என்றார். நம்பிக்கையான ஆட்களாக இருக்கட்டும் என்றேன். காலையில் கூட நடக்கிற இரண்டு நண்பர்களை அழைத்து வந்தார். கண்ணியமான மனிதர்கள். இரண்டு பேருமே அவரைவிட மூத்தவர்கள்.

பதினோரு வருஷம் கழித்து அந்த உயில் நீதிமன்றம் போனது. உயிலை நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவு. இப்போது சட்டத்தின் பெயர் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்று மாறியிருக்கிறது, விதி அப்படியே இருக்கிறது. என்னுடைய இரண்டு சாட்சிகளும் உயிரோடு இல்லை. அப்படிப்பட்ட நிலையில் ஒரு சாட்சியின் கையெழுத்தும் உயில் எழுதியவரின் கையெழுத்தும் அவரவருடையதுதான் என்று வேறு வழியில் காட்ட வேண்டும். பழைய பென்ஷன் காகிதங்களைத் தேடி, அந்தக் கையெழுத்தை அடையாளம் சொல்லக்கூடிய ஆளைத் தேடி, வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒரே ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அந்தக் குடும்பம் என்னைக் குறை சொல்லவில்லை. சீனியர்தான் சொன்னார். "சர்வே நம்பரை நாலு தடவை சரிபார்த்தியே, சாட்சிக்கு வயசு என்னன்னு ஒரு தடவை கேட்டியா?"

போன வருஷம் சீனியரை அவருடைய மகன் என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். சீனியருக்கு இப்போது எண்பத்து மூன்று. பத்திரங்கள் மகன் கையில் இருந்தன. அவரும் வக்கீல்தான், இன்னொரு ஊரில் தொழில் செய்கிறார். எனக்குப் பல வருஷப் பழக்கம். "அப்பா என்ன நினைக்கிறார்னா" என்று ஆரம்பித்தார். சீனியர் மேஜையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தொண்டை வறண்டது. "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளியே..." முடிப்பதற்குள் மகன் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

கதவு சாத்தியதும், பதில் தெரிந்த கேள்விதான், கேட்டேன். "பிள்ளைங்க எத்தனை பேர் சார்?"

ஒழுங்காகப் பதில் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். சில விஷயங்கள் எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாதவை. குறிப்பெடுத்து முடித்ததும் கேட்டார், "சாட்சிக்கு யாரைப் போடப்போற?"

"நம்ம பழைய குமாஸ்தா இருக்காரே சார்..."

"அவனுக்கு வயசு என்ன?"