விவேகத்துக்கு மதிப்பெண் போடும் வேலை

முதியவர்களின் விவேகத்தை அளக்கும் ஆய்வில் நேர்காணல் எடுப்பது என் வேலை. மதுரைக்கு மேற்கே, திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேள்வித்தாளைப் படித்துக் காட்டுவேன். "இதையெல்லாமா அளப்பாக?" என்று கேட்காத ஊரே இல்லை. அளக்க முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

எங்கள் கையில் இருப்பது புளோரிடா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மோனிகா ஆர்டெல்ட் 2003இல் வெளியிட்ட அளவுகோலின் தமிழாக்கம். மொத்தம் 39 கூற்றுகள். வாழ்க்கையை உள்ளபடி அறிய விரும்புவது, தன்னையே விலகி நின்று பார்ப்பது, பிறர்மீது பரிவு கொள்வது ஆகிய மூன்றும் அதில் தனித்தனியே கணக்காகும். மாற்ற முடியாத விஷயங்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்ற பொருளில் ஒரு கூற்று வரும். ஆமோதித்தால் மதிப்பெண் குறையும்.

ஓர் அப்பத்தா அதைக் கேட்டதும் "ரொம்பச் சரி" என்றார். விதிப்படி அடுத்த கூற்றுக்குப் போயிருக்க வேண்டும். ஏன் அப்பத்தா என்று கேட்டேன்.

"அவருக்குக் கேன்சரு முத்திருச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு தாயி. இன்னும் எத்தன மாசம்னு கேக்க மகன் எந்திரிச்சான். நான்தான் உக்காருடான்னேன். நாள எண்ணிக்கிட்டுக் கெடந்தா அவருக்குப் பிடிச்ச கருவாட்டுக் கொழம்ப யாரு வைக்கிறது?"

தெரிய வேண்டியது அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்குமேல் எது பயன்படாது என்றும் தெரிந்திருந்தது. தாளில் அந்தப் பதிலுக்கு விழுந்தது 5இல் 1.

இதனால்தான் பெர்லினில், மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் பால் பால்டெஸ் குழு உருவாக்கிய முறைமேல் எனக்குப் பிடிப்பு அதிகம். அங்கே ஒரு சிக்கலைச் சொல்லி, மனதில் ஓடுவதை அப்படியே பேசச் சொல்வார்கள். பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பேச்சைப் படித்து ஐந்து கோணங்களில் மதிப்பிடுவார்கள். அவர்களுடைய கேள்விகளில் ஒன்று: 15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள்; என்னென்ன யோசிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்? கூடவே கூடாது என்று முடித்துக்கொண்டால் மதிப்பெண் குறைவு. அவள் என்ன நிலையில் இருக்கிறாள், எந்தச் சமூகம், எந்தக் காலம் என்று விரித்துப் பார்ப்பவருக்கு அதிகம்.

பெர்லினில் அது கற்பனைக் கேள்வி. இங்கே 1978 வரை பெண்ணின் திருமண வயது சட்டப்படியே 15. நான் சந்திக்கும் பாட்டிகளில் பலர் அந்த வயதில் கழுத்தை நீட்டியவர்கள். சோதனையாக இதை ஒருவரிடம் கேட்டேன்.

"வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா மொதல்ல எதுக்கு இம்புட்டு அவசரம்னு அவகிட்டக் கேக்கணும். வீட்டுல எதுக்குப் பயந்து ஓடப் பாக்குறாளோ! என்னைய யாரும் கேக்கல."

எங்கள் குழுவில் ஒருவர் 'வேணாம்' என்ற முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு குறைத்துப் போடச் சொன்னார். நான் விடவில்லை, நெடுநேரம் வாதாடினேன். இப்படி ஒவ்வொரு பேச்சையும் எழுத்தாக்கிப் படித்து முடிவெடுக்க நேரமும் பணமும் ஏகமாக ஆகும், மறுக்கவில்லை. அதனால் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன்: கேள்வித்தாளில் ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே, 'ஏன்?' என்று கேட்டு எழுத இரண்டு வரி இடம். அது அச்சாகி வரும்வரை ஓரத்து வெள்ளையில் பென்சிலால் எழுதிவருகிறேன்.