ஓரியூருக்குப் போன தவக்காலம்

2025-ல், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேரைக் கூட்டிக்கொண்டு, காரைக்குடியில் எங்கள் பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தோம். கையில் அரிசி, சோப்பு, வாழைப்பழம், பிஸ்கட். எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி பையை வாங்கவேயில்லை. "ஏத்தா, வருசத்துல நாப்பது நாளுதான் எங்களுக்குப் பசிக்குமா? ஈஸ்டர் முடிஞ்சா ஒரு குஞ்சும் எட்டிப் பாக்காது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டி சொன்னதில் பொய் இல்லை. கத்தோலிக்கப் பள்ளி என்றால் தவக்காலத்தில் என்ன நடக்கும் என்பது மனப்பாடம். சாம்பல் புதன் காலையில் ஃபாதர் வந்து, போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பலை, மண்ணிலிருந்து வந்தாய் மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டி நெற்றியில் பூசுவார். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள். "எங்க வீட்ல தினமும் திருநீற்றுப் புதன்தான் டீச்சர்" என்று ஒருத்தன் சொன்னான், சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அன்று முதல் வகுப்புக்கு ஒரு மண் உண்டியல் வைப்போம். ஐஸ் வாங்காமல், சேமியா பாக்கெட் வாங்காமல் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதில் விழும். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை (இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளாக நினைத்துச் சொல்லும் செபம்), அதன்பின் ஒரு உதவி, கடைசியில் ஈஸ்டர்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்ற மத்தேயு நற்செய்திப் பகுதியைத்தான் சாம்பல் புதன் திருப்பலியில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு வந்து, எந்த வகுப்பு உண்டியலில் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். எழுதுவது யார் என்றால் நான்தான், கணக்கு டீச்சர்.

ஹெச்.எம். சிஸ்டரிடம் பாட்டி சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இந்த வருசம் எதையும் தூக்கிக்கிட்டுப் போக வேண்டாம் டீச்சர். வெறுங்கையோட ஓரியூருக்கு நடப்போம்" என்றார். ஓரியூர், புனித அருளானந்தர் உயிர்விட்ட தலம். யூபிலி ஆண்டு வேறு, திருப்பயணம் போகச் சொல்லித் திருச்சபையே கூப்பிடுகிற வருடம்.

மார்ச் 22, சனிக்கிழமை. பிள்ளைகளை முழுத் தூரமும் நடக்க வைக்க முடியாது, அதனால் தேவகோட்டையிலிருந்து வெயில் ஏறும்வரை நடை, அதற்குப் பிறகு வேன் என்று ஏற்பாடு. விடிவதற்கு முன்னால் காரைக்குடியில் வேன் ஏறினால், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாக் காலம், மஞ்சள் சேலையில் பெண்கள் எதிரே நடந்து வருகிறார்கள். இந்த மாசி பங்குனியில் எங்கள் ஊரில் விரதம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரம்ஜான் நோன்பும் அப்போது நடந்துகொண்டிருந்தது. எங்களோடு வந்த ஒரு பையன் சஹர், அதாவது நோன்புக்கு முந்தின விடியற்காலைச் சாப்பாடு, முடித்துவிட்டுத்தான் வேனில் ஏறினான். நீ நடக்க வேண்டாம், வேனிலேயே வா என்றதற்கு, தண்ணீர் கேனை யார் தூக்குவார்கள் என்று கேட்டான்.

தேவகோட்டையில் இறங்கி, மரச்சிலுவையை ஆளுக்கு ஒரு நிலையாக மாற்றிச் சுமந்துகொண்டு நடந்தோம். பெரிய பெரிய செட்டியார் வீடுகள், ஒரு தெருவில் வாசல், பின்கட்டு அடுத்த தெருவில், பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஐந்தாம் நிலை, சீரேன் ஊர் சீமோன் சிலுவை சுமக்க உதவுகிற இடம், அதைச் சொல்லி முடிக்கும்போது ஒரு பெண்ணின் செருப்பு வார் அறுந்துவிட்டது. வெறுங்காலோடு கொஞ்ச தூரம் வந்தாள், ஏதோ குத்தி ரத்தம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி எழுந்து வந்தார். "எந்தக் கோயிலுக்கு நடக்கிறீக?" ஓரியூருக்கு என்றோம். "அருளானந்தர் கோயிலுக்கா? இருங்க. நான் பழநிக்குப் பதினோரு தடவை நடந்தவ, கால் என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும்." செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அந்தப் பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்து, தானே குனிந்து காலைக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணி கட்டினார். அவள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தாள். இயேசு சீடர்களின் காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தானே, என் காலை நீர் கழுவவே கூடாது என்று முரண்டு பிடித்தார். அப்புறம் எல்லாருக்கும் சுக்குக் காப்பி வந்தது. ஹெச்.எம். சிஸ்டர் வழக்கம்போல, "பரவாயில்லம்மா, எதுக்குச் சிரமம்" என்று ஆரம்பித்தார். ஆச்சி விடவில்லை: "நடக்கிறவுக வேண்டாம்னு சொல்லப்படாது. வாங்கிக்கிறதும் விரதந்தான்." சிஸ்டர் டம்ளரை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஆச்சி தன் ரப்பர் செருப்பையும் அந்தப் பெண்ணுக்குப் போட்டு அனுப்பிவிட்டார். திருப்பித் தரவேண்டாமாம்.

ஒன்பது மணிக்கு மேல் தார் ரோடு சுட ஆரம்பித்தது, வேனில் ஏறிவிட்டோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், வற்றிய கண்மாய். திருவாடானையில் கோபுரம் தெரிந்ததும் தமிழ் ஐயா, சம்பந்தர் பாடிய தலம் என்று சொல்லி ஜன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டு, எங்கள் செபமாலையில் விட்ட இடத்திலிருந்து சேர்ந்துகொண்டார். பதினாறு வருடமாக எங்களோடு வேலை பார்க்கிறார், அருள் நிறைந்த மரியே மந்திரம் என்னைவிடத் திருத்தமாகச் சொல்வார்.

ஓரியூரில் பிள்ளைகள் முதலில் ஓடியது செம்மண்ணுக்குத்தான். லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, இங்கே வந்து காவி கட்டி, புலால் விட்டு, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு மறவர் நாட்டில் அலைந்தவர். நடுவில் ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவெடுக்க, விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரி, அதிலிருந்து வந்த வினை. 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே தலை வெட்டப்பட்டது. அவருடைய ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. நானும் சின்ன வயதில் அம்மாவோடு வந்து இந்த மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுபோனவள்தான், காய்ச்சல் என்றால் அதைத்தான் நெற்றியில் பூசுவார்கள்.

அந்தத் தேதியை இதற்கு முன் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இந்த முறைதான், வேன் வரும்வரை வேப்பமர நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அந்த வருடத்து ஈஸ்டர் எப்போது என்று நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்ச் 21-க்கோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு, அதுதான் ஈஸ்டர். (அந்தப் பௌர்ணமி பல வருடம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வருவதால், குன்றக்குடிக் காவடியும் எங்கள் பரிசுத்த வாரமும் ரோட்டில் அடிக்கடி சந்தித்துக்கொள்ளும்.) விடை: மார்ச் 22. ஈஸ்டர் இதைவிடச் சீக்கிரம் வரவே முடியாது. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 4. அவர் இறந்தது ஒரு சாம்பல் புதன். நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்த தேதியோ மார்ச் 22. நோட்டைப் பிள்ளைகளிடம் காட்டினேன், ஏன் 40 இல்லாமல் 46 என்று கேட்டார்கள், ஞாயிறு ஆறையும் தவக்காலக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்களுக்குப் பசித்தது.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது செருப்பு அறுந்த பெண் கேட்டாள், "டீச்சர், அந்தப் பாட்டிகிட்ட நாம ஏதாவது கேட்டு வாங்கலாமா?"

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மறுபடியும் இல்லத்துக்குப் போனோம். அரிசி இல்லை, பிஸ்கட் இல்லை, ஒரு கட்டுக் குருத்தோலை மட்டும். ஓலையில் சிலுவை பின்னத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகள் போய் நின்றார்கள். பாட்டி முதலில் முறைத்தார். ஒருத்தி வேண்டுமென்றே கோணலாக மடக்கினாள். "அப்புடியா மடக்குறது, கொண்டா இங்க" என்று எழுந்து உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிலுவைகளைத்தான் மறுநாள் பவனியில் பிடித்துக்கொண்டு போனோம். அடுத்த வருடச் சாம்பலும் அதிலிருந்துதான் வரும்.

பெரிய வியாழன் பாதம் கழுவுதல், வெள்ளியன்று கஞ்சி, சனி இரவு இருட்டில் பாஸ்கா மெழுகுதிரி, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த அல்லேலூயா. எல்லாம் எப்போதும்போல நன்றாக நடந்தது. உண்டியல் காசையும் எண்ணினேன், கரும்பலகையில் எழுதவில்லை.

ஈஸ்டர் மறுநாள் திங்கள் மதியம் இல்லத்துக்குப் போனபோது பாட்டி டி.வி. முன்னால் இருந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் காலமான செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "முடியாத உடம்போட வியாழக்கிழமைகூட செயிலுக்குப் போயிருக்காரு. கால் கழுவ முடியலன்னாலும் போயி உக்காந்திருந்தாராம்" என்றார். பிள்ளைகள் அவரோடு சேர்ந்து செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் செபம் சொன்னார்கள்.

மே மாதம் முதல் வெள்ளி. கோடை லீவு. யாரையும் நான் கூப்பிடவில்லை, போய்ப் பார்த்தால் நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருத்தி ஆச்சியின் ரப்பர் செருப்போடு. பாட்டி விரலை நீட்டி எண்ணினார்.

"மத்த பதினாறும் எங்கத்தா?"