பனையேறியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மின்துறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். கடைசி ஆறு வருஷம் வெளிநாட்டு வங்கிக் கடனில் நடந்த ஒரு மின்பாதைத் திட்டத்தின் ஃபைல்களோடு போனது. எந்த வங்கி, எந்த லைன் என்று சொல்லப்போவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இந்த மாதிரிக் கடன் புதிதும் இல்லை. 2012இல் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா கொடுத்தது. காற்று, சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் பசுமை மின்பாதைகளுக்கு ஜெர்மனியின் அரசு வங்கி கேஎஃப்டபிள்யூ கொடுத்தது. 2019 டிசம்பரில் சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தின் மின்பாதைகளுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி (ஏடிபி) 45.1 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டது. பேப்பரில் கையெழுத்துப் படம் வந்த மறுநாளே பணம் வந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்வார்கள். என் மனைவிகூட அப்படித்தான் நினைத்தாள்.

லைன் எதற்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தெற்கே காற்றாலைகள் பேயாய்ச் சுற்றும். அந்த மின்சாரம் வடக்கே போக வழி போதாவிட்டால், ஆடிக் காற்று அடிக்கும்போதே காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டிவரும்.

கடன் என்றால் அவர்கள் பணம் தருவார்கள், நாம் செலவழிப்போம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது தலைகீழ். பெரும்பாலும் முதலில் நம் கையிலிருந்து ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் பில், அளவுப் புத்தகம், பட்டியல் எல்லாம் சேர்த்து டெல்லியில் நிதி அமைச்சகம் வழியாக விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். பெரிய டெண்டர் என்றால் ஒவ்வொரு படியிலும் 'ஆட்சேபணை இல்லை' என்று வங்கியிலிருந்து பதில் வர வேண்டும். எல்1, அதாவது எல்லாரிலும் குறைந்த விலை போட்ட ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரேட்டைக் குறைப்பது நமக்குப் பழக்கம். அங்கே அது கூடாது. இதை மேலதிகாரி ஒருவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஒப்பந்தம் போட்டு இன்னும் எடுக்காத கடனுக்கும் நாம் காசு கட்ட வேண்டும். ஏடிபி கணக்கில் ஆண்டுக்கு 0.15 சதவீதம். சின்னதாகத்தான் தெரியும். 30 கோடி டாலர் எடுக்கப்படாமல் கிடந்தால் வருஷத்துக்கு 4.5 லட்சம் டாலர். அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் "வேகம், வேகம்" என்பதுதான் பேச்சு.

அந்த வேகத்தில்தான் நான் ஒரு தப்பு செய்தேன்.

400 கேவி லைன், அதாவது நாலு லட்சம் வோல்ட் லைன் என்றால் அடியில் சுமார் 46 மீட்டர் அகலத்துக்கு உயரமான மரம் நிற்கக் கூடாது. பருத்தியோ உளுந்தோ போட்டுக்கொள்ளலாம். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துத்தான் இன்றும் கோபுரம் நடுகிறோம். பயிருக்கும் மரத்துக்கும் இழப்பீடு. எங்கள் பழைய படிவத்தில் சர்வே எண், பட்டாதாரர் பெயர், மரம், எண்ணிக்கை, அவ்வளவுதான். வங்கி கொடுத்த படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் இருந்தது: நில உரிமை இல்லாமல் அந்த இடத்தை நம்பித் தொழில் செய்பவர்கள். நான் கணக்கெடுத்த மூன்று கிராமத்துக்கும் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டேன்.

வங்கிக் குழு வந்தது. 'மிஷன் வருது' என்றாலே ஆபீசில் திரைச்சீலை மாற்றுவோம். குழுவில் இருந்த ஒரு அம்மையார் பட்டியலைப் புரட்டிவிட்டு, "மூன்று கிராமத்தில் ஒரு குத்தகைதாரர்கூட இல்லையா?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கூட்டக் குறிப்பில் அது ஏறிவிட்டது. மறுபடி கணக்கெடுக்க வேண்டும்.

திட்டிக்கொண்டேதான் போனேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். சாலை ஓரத்திலேயே ஒருவர் நின்றிருந்தார், இடுப்பில் அரிவாள்பெட்டி, நெஞ்சில் மரம் உரசிக் காய்த்த தழும்பு.

"சார், பட்டா எனக்கு இல்ல. பதினோரு பனை, பாட்டத்துக்கு எடுத்து ஏறுதேன். மரத்துக்குக் காசு மொதலாளிக்குப் போயிரும். என் பேர எங்க எழுதுவீய?"

நான் கோடு இழுத்த கட்டத்தில்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை. "எழுதிக்கிறேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு சீசன் வருமானம் எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தோம். நான் பதநீர் விலையை எழுதினேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "பதநீரா விக்கோம்? காய்ச்சிக் கருப்பட்டியால்ல போடுதோம்" என்றார். சரி, கருப்பட்டி விலையில் விறகுச் செலவைக் கழித்தோம். தொகை இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அந்த மூன்று கிராமங்களில் இப்படி மொத்தம் பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். முதல் தடவை போனபோதும் அவர்கள் அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு மாதம் போனது. மேலே கெட்ட பெயர் எனக்கு.

அதற்கடுத்தது இன்னும் கேவலம். முதல் பணக் கோரிக்கை விண்ணப்பம் திரும்பி வந்தது. கையெழுத்துப் போடும் அதிகாரி மாற்றலாகி, புதியவர் வந்திருந்தார். அவர் மாதிரிக் கையெழுத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன். மூன்று வாரம். ஒப்பந்ததாரரின் ஆள் தினமும் காலை பத்தரைக்கு வந்து என் மேசைக்கு எதிரே, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். இந்த வேலைக்கு யாராவது புதிதாக வந்தால் நான் சொல்வது இது ஒன்றுதான்: மாற்றல் ஆர்டர் வந்த அன்றே மாதிரிக் கையெழுத்தை அனுப்பிவிடுங்கள்.

லைனில் மின்சாரம் ஏற்றியபோது நான் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. போன ஆடியில் அந்த வழியாகத் திருச்செந்தூர் போனோம். கம்பிகள் ஆடிக்கொண்டிருந்தன. கீழே உளுந்து. பதினோரு பனை நின்ற இடத்தில் வரப்பு மட்டும் இருந்தது. அண்ணாச்சி அடுத்த ஊரில் வேறு மரங்களைப் பாட்டத்துக்கு எடுத்திருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள்.

கடனைத் திருப்பிக் கட்டும் அட்டவணையின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. டாலரில்தான் கட்ட வேண்டும். ரூபாய் இறங்கினால் பாரம் நமக்கு. கடைசித் தவணை கட்டும் வருஷம் எனக்கு 83 வயது.