மூன்று சுற்றில் நசுங்கிய கேன்

போன வருடம் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன் என் உள்ளங்கையில் இரண்டு நாணயங்களை வைத்தான். இரண்டுமே கால் டாலர். ஒன்று வழக்கமான 24 மில்லிமீட்டர், இன்னொன்று கோட்டுப் பொத்தான் அளவு, 18 மில்லிமீட்டர்தான் இருக்கும். வாஷிங்டன் முகம், மேலே இருக்கும் எழுத்து, விளிம்பில் ஓடும் வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன, குட்டியாக. "காந்தத்தை வச்சுச் சுருக்கினது மாமா" என்றான். தெரிந்த நகைக் கடைக்குப் போய்த் தராசில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே எடை, 5.67 கிராமுக்குப் பக்கத்தில். வெர்னியர் வைத்து அளந்தால் பெரிய நாணயத்தின் தடிமன் 1.75 மில்லிமீட்டர், சின்னது 3 மில்லிமீட்டரைத் தாண்டியது. உலோகம் எங்கேயும் போகவில்லை, குறுக்கே ஒடுங்கி மேலும் கீழும் எழுந்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காந்தம் என்றதும் இரும்பை இழுப்பதுதான் ஞாபகம் வரும். இந்த நாணயத்தில் அதற்கு வேலையே இல்லை, நடுவில் சுத்தமான செம்பு, மேலும் கீழும் செம்பும் நிக்கலும் கலந்த மெல்லிய தகடு, அவ்வளவுதான். நாணயத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு காயில் (கம்பிச் சுருள்) வைத்து, பல ஆயிரம் வோல்ட்டுக்கு ஏற்றிவைத்த கெப்பாசிட்டரை (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் சாதனம்) அதன் வழியாக ஒரே அடியாகத் திறந்துவிடுகிறார்கள். சில பத்து மைக்ரோநொடிக்குள் பல்லாயிரம் ஆம்பியர் பாய்ந்து, காயிலுக்குள் காந்தப்புலம் குபீரென்று எழும். அந்த மாற்றத்தைத் தடுக்க நாணயத்தின் விளிம்பை ஒட்டி எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் கிளம்பும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே தூண்டல்தான், எந்தத் திசையில் ஓடும் என்பது லென்ஸ் சொன்ன விதி. எதிரெதிராக ஓடும் இரண்டு மின்னோட்டமும் ஒன்றையொன்று தள்ளும்போது நாணயம் உள்ளே ஒடுங்குகிறது, காயில் வெளியே வெடித்துச் சிதறுகிறது. ஒரு நாணயத்துக்கு ஒரு காயில் காலி. அதனால்தான் கனமான கவசப் பெட்டிக்குள் வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள்.

காந்தப்புலத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை இதற்கு முன் நான் பாடமாகத்தான் படித்திருந்தேன். காந்தப்புலத்தை டெஸ்லாவில் அளப்பார்கள். 1 டெஸ்லா புலம் ஓர் உலோகச் சுவரை சுமார் 4 வளிமண்டல அழுத்தத்தோடு தள்ளும். புலம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. 10 டெஸ்லா என்றால் 400, 30 டெஸ்லா என்றால் 3500. செம்பு நெகிழ்ந்து கொடுக்க அது தாராளம்.

நாணயத்தைச் சுருக்குவது என் திட்டத்தில் முதலிலிருந்தே இல்லை. நம் ஊரில் நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ம் வருட நாணயச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இதற்குத் தோதான பொருளும் இல்லை. காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர் அது, குரோமியம் கலந்த இரும்பு. மின்தடை செம்பைப் போல முப்பது மடங்குக்கு மேல். அதில் எதிர் மின்னோட்டம் நோஞ்சானாகத்தான் கிளம்பும். அதனால் காலி குளிர்பானக் கேன், அப்புறம் அலுமினியக் குழாயில் அறுத்த வளையம், இந்த இரண்டில்தான் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சி ஜனவரியில், வீட்டு ஷெட்டில். 450 வோல்ட் தாங்கும் 2200 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் நாலு, பக்கவாட்டில் இணைத்தேன். 400 வோல்ட்டுக்கு ஏற்றினால் 704 ஜூல். இதுவே ஆளைக் கொல்லும், மிச்ச மின்னூட்டத்தை வடியவிடும் பிளீடர் ரெசிஸ்டர் இல்லாமல் ஒருநாளும் வைத்ததில்லை. 1.2 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் 12 சுற்று, உள்ளே கேன், சுவிட்சுக்குப் பதில் ஒரு பெரிய தைரிஸ்டர். சுற்று அதிகமானால் புலமும் அதிகம் என்பதுதான் அப்போது என் கணக்கு. தட்டிவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கேனை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தின மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான். 704 ஜூல் என்பது 70 கிலோ ஆளை ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றல். காகிதம் மாதிரி இருக்கிற கேனில் அது எங்கே போனது?

மூன்று வாரம் இதே யோசனை. கெப்பாசிட்டர் பழசோ, தைரிஸ்டர் சரியில்லையோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், பள்ளம் கொஞ்சம்கூட ஆழமாகவில்லை. கடைசியில் உட்கார்ந்து கேனைப் பற்றியே கணக்குப் போட்டபோதுதான் பிடிபட்டது. கேன் சுவரின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். வெளியே எழும் காந்தப்புலத்தை அந்தச் சுவர் என்றைக்குமாகத் தடுத்து நிறுத்தாது. துணியில் தண்ணீர் ஊறுவதுபோலப் புலம் மெதுவாக உள்ளே ஊறிவிடும். 66 மில்லிமீட்டர் விட்டம், 0.1 மில்லிமீட்டர் சுவர், கேனில் பயன்படுத்தும் அலுமினியக் கலவையின் கடத்துதிறன் எல்லாம் போட்டால் ஊறுகிற நேரம் சுமார் 50 மைக்ரோநொடி வருகிறது. என் 12 சுற்றுக் காயிலில் மின்னோட்டம் உச்சத்துக்கு ஏற எடுத்துக்கொண்டது 250 மைக்ரோநொடிக்கு மேல். புலம் உச்சிக்குப் போவதற்குள் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய சமம். இரண்டு பக்கமும் ஒரே புலம் இருந்தால் சுவரை யார் தள்ளுவது? ஆற்றல் முழுக்கக் கம்பியையும் கெப்பாசிட்டரையும் சூடாக்கிவிட்டு ஓய்ந்துவிட்டது.

குளத்தில் கையை மெதுவாக விட்டால் தண்ணீர் வழிவிடும், ஓங்கி அறைந்தால் கை சிவந்துவிடும். தண்ணீர் ஒன்றுதான், வேகம்தான் வேறு. புலத்தின் அளவைவிட அது எழும் வேகம்தான் இங்கே முக்கியம் என்று எனக்கு உறைத்தது அந்த மூன்றாம் வாரத்தில்தான். வேகம் வேண்டும் என்றால் காயிலின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று ஏறாமல் தடுக்கும் குணம்) குறைய வேண்டும், அது சுற்றின் எண்ணிக்கைக்கு இருமடியாக ஏறும், ஆக சுற்றைக் கூட்டக் கூட்ட நான் கேனுக்குத்தான் உதவி செய்துகொண்டிருந்தேன். கெப்பாசிட்டரும் சின்னதாக வேண்டும், வோல்ட்டேஜ் பெரிதாக வேண்டும்.

வோல்ட்டேஜ் ஏறினால் அது ஷெட்டில் செய்கிற வேலை இல்லை. எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் மூலம் ஒரு பொறியியல் கல்லூரியின் உயர் அழுத்த ஆய்வகத்தில் இரண்டு சனிக்கிழமை கிடைத்தது. அங்கே 50 மைக்ரோஃபாரட் பல்ஸ் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தது. 3000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 225 ஜூல்தான், ஜனவரியில் வைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

காயிலுக்கு இங்கே கோவையில் மோட்டார் வைண்டிங் கடை அண்ணனிடம் போனேன். "எத்தனை ஹெச்.பி. மோட்டாருங்க?" என்றார். "மோட்டார் இல்லைங்கண்ணா, மூணே மூணு சுத்துதான்." "மூணு சுத்துல என்னங்க ஓடும், கம்பிதான் எரியும்!" கேனை எடுத்துக் காட்டி விவரம் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். 10 கேஜ் கம்பியை அவரே எடுத்து, மோட்டார் ஸ்லாட்டுக்கு வைக்கிற லெதராய்டு பேப்பரை உள்ளே சுருட்டி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டு 25 மில்லிமீட்டர் அகலத்தில் கட்டி, மேலே பருத்தி டேப் சுற்றி வார்னிஷ் ஊற்றிக் கொடுத்தார். அப்படி ஒரு கைச் சுத்தம் எனக்கு வராது. கேனுக்கும் கம்பிக்கும் இடையே எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர்.

ஆய்வகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கம்பிக் கூண்டுக்குள் எல்லாவற்றையும் வைத்துக் காயிலைக் கனமான பெட்டியால் மூடியதும் என்னை வெளியே வரச் சொல்லிக் கதவைப் பூட்டினார். "மீட்டர் சைபர் காட்டினாலும் ராடு வைக்காம கை நீட்டக் கூடாது தம்பி." அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கெப்பாசிட்டரைக் காலி செய்து அப்படியே விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருளில் தங்கிய மின்னூட்டம் மெல்ல வெளிவந்து, முனைகளில் மறுபடி வோல்ட்டேஜ் ஏறும். மிச்ச மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடு வைத்து, அப்புறம் இரண்டு முனையையும் கம்பியால் இணைத்துவைத்த பிறகுதான் கூண்டுக்குள் காலடி. இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கமே வர வேண்டாம்.

2800, 2900, 3000. அண்ணன் நைலான் கயிற்றை இழுத்தார், சுவிட்சாக மேலே இருந்த பித்தளைக் குண்டு இறங்கியது.

பட்டாசுச் சத்தம் இல்லை இது, இன்னும் வறண்ட ஓர் அறை, காதில் இல்லாமல் நெஞ்சில் விழுந்தது. ராடு வைத்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கேனின் இடுப்பு உடுக்கை மாதிரி உள்ளே ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய இடத்தில் மடிப்பு மடிப்பாக, கொசுவம் வைத்த மாதிரி, ஏறக்குறைய சம இடைவெளியில் வரிகள். காயில் அகலம் எங்கே முடிகிறதோ அங்கே பள்ளமும் முடிந்து, மேலும் கீழும் கேன் புதுசாக நின்றது. எதுவும் அதைத் தொடவில்லை. அச்சடித்த பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லாததை நான் விரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்னோட்டத்தை அளக்கும் ரோகோவ்ஸ்கி காயில் வழியாக ஆஸிலோஸ்கோப்பில் பிடித்த அலையில் முதல் உச்சம் 12 மைக்ரோநொடியில் வந்தது. உச்ச மின்னோட்டம் சுமார் 17,000 ஆம்பியர். அந்த 2 மில்லிமீட்டர் இடுக்கில் புலம் 2.5 டெஸ்லா அளவுக்கு, அழுத்தம் 25 வளிமண்டலம். புலம் ஊற 50 மைக்ரோநொடி, நாங்கள் அடித்தது 12-ல். பேராசிரியர் அந்த அலையை அச்செடுத்து மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொண்டார்.

இரண்டாவது சனிக்கிழமை வளையம். வெளிவிட்டம் 20.0, சுவர் 1.0, உயரம் 5 மில்லிமீட்டர், எடை 0.81 கிராம். சுவர் பத்து மடங்கு தடிமன் என்பதால் ஊறுகிற நேரமும் நிறைய, அதனால் 10 சுற்றுக் காயிலே போதுமான வேகம். மூன்று அடி அடித்தோம், ஒவ்வொன்றுக்கும் புது வளையம். அடித்த பிறகு வெளிவிட்டம் 19.4, 19.3, 19.3. சுவர் 1.0-லிருந்து 1.04 அளவுக்கு ஏறியிருந்தது, எடை மாறவில்லை. கேனைப் போல மடிப்பு விழவில்லை, வட்டம் வட்டமாகவே சுருங்கியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வெர்னியருக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் அந்தக் கால் டாலரில் நடந்தது இதேதான், இருபது மடங்குக்கு மேல் ஆற்றலோடு. காயிலைக் கழற்றியபோது சுற்றுகள் விலகி, வெளிப்புற எனாமல் முடி முடியாக வெடித்திருந்தது. அது எந்தப் பக்கம் போகப் பார்த்தது என்று அதிலேயே தெரிந்தது.

இந்த விசையை மனிதர் முதலில் கவனித்ததில் ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், ஹார்ட்லி வேல் என்ற ஊரில் ஒரு மண்ணெண்ணெய் ஆலையின் இடிதாங்கியாக இருந்த செம்புக் குழாய் மின்னல் விழுந்து உள்ளே நசுங்கிக் கிடந்தது. பொல்லாக், பாராக்ளோ என்ற இருவர் 1905-ல் அதை ஆராய்ந்து, குழாயில் ஓடிய மின்னோட்டமே தன் காந்தப்புலத்தால் குழாயை நெரித்திருக்கிறது என்று சொன்னார்கள். 2018-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டக்கேயாமா குழுவினர் ஒரு செம்பு வளையத்தை இதே வழியில் அடித்துச் சுருக்கினார்கள், ஆனால் உள்ளே முன்கூட்டியே கொஞ்சம் காந்தப்புலத்தை வைத்துவிட்டு. வளையம் ஒடுங்கும் வேகத்தில் அந்தப் புலத்துக்கு வெளியே ஊற நேரம் கிடைக்கவில்லை, பிழியப்பட்டு 1200 டெஸ்லாவைத் தொட்டது, கூடவே கூண்டின் இரும்புக் கதவும் பிய்த்துக்கொண்டது. என்னைத் தோற்கடித்த அதே ஊறல் கணக்கை அவர்கள் மறுபக்கமிருந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றும் தூக்கம் போனது.

லேத் பட்டறையில் சொல்லி அதே அளவில் செம்பில் ஐந்து, பித்தளையில் ஐந்து வளையம் கடைந்து வாங்கிவிட்டேன். பித்தளை மின்சாரத்தை செம்பில் கால்பங்கு அளவுக்குத்தான் கடத்தும், அதனால் அது குறைவாகச் சுருங்கும் என்பது என் எதிர்பார்ப்பு. ஆனால் கடைசல் பிடித்ததில் இரண்டுமே கொஞ்சம் இறுகியிருக்கும், அடிப்பதற்கு முன் அடுப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். வைண்டிங் கடை அண்ணன் இந்தத் தடவை தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.