28 லட்சமும் மூன்று கிலோமீட்டரும்

2022 ஆவணியில், கோவை கணபதியில் ஒரு வாடகை செட்டில், அதாவது பட்டறைக் கொட்டகையில், என் முதல் சி.என்.சி. டர்னிங் மெஷினை இறக்கினேன். கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைக் கடையும் லேத் அது. கிரேன்காரர் கிளம்பியதும் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் வைத்தோம். மறுநாளே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓடுவதற்கு ஐந்து வாரம் ஆனது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, மானியம் எவ்வளவு வரும்?" நியாயமான கேள்வி. மானியம் இல்லாவிட்டால் நானும் தொடங்கியிருக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில், அதுவும் கோயம்புத்தூரில், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்குக் கிடைக்கும் பெரிய உதவி எந்த விண்ணப்பப் படிவத்திலும் இருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தாராபுரம் பக்கம். அப்பா விவசாயி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். வெளிப் பட்டறைகளில் ஜாப் ஆர்டராக, அதாவது கூலிக்குச் செய்து வரும் ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு), இம்பெல்லர் என்று பம்ப் பாகங்கள் எல்லாவற்றையும் அளந்து, சரியானதை எடுத்து மற்றதைத் திருப்பி அனுப்புவது என் வேலை. யார் பட்டறையில் எந்த வேலை சுத்தமாக வரும், யார் சொன்ன தேதிக்குத் தருவார், எங்கே விலை கட்டாது என்பதெல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டேன். சொந்தமாக ஒரு மெஷின் போடலாம் என்ற எண்ணமும் அங்கேதான் வந்தது.

முதலில் உத்யம் பதிவு, குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் கையில் இருந்தால் கால் மணி நேர வேலை, கட்டணம் கிடையாது. அது தெரியாமல், அரசுத் தளம் போலவே இருந்த ஒரு தனியார் பக்கத்தில் இரண்டாயிரம் ரூபாய் கட்டிவிட்டேன். நீங்கள் கட்டாதீர்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்கு வாடகை ஒப்பந்தம், செட் உரிமையாளரின் சம்மதக் கடிதம், மின் கட்டண ரசீது கேட்டார்கள். ஆடிட்டர் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் மாவட்ட தொழில் மையம். அங்கேதான் நீட்ஸ் திட்டத்தைப் பற்றி விவரமாகச் சொன்னார்கள். 2012-13 முதல் நடக்கும் மாநில அரசின் திட்டம் இது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. திட்ட மதிப்பு 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை இருக்கலாம். அதில் 25 சதவீதம் முதலீட்டு மானியம், கடன் வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். பெண்கள் சொந்தப் பணமாக 5 சதவீதம் போட்டால் போதும். என் திட்ட மதிப்பு 28 லட்சம். மெஷினுக்கு 20 லட்சம் போனது. கம்ப்ரஸர், ஸ்டெபிலைசர், டூல் ஹோல்டர்கள், அளவுக் கருவிகள் மீதியை எடுத்துக்கொண்டன. என் பங்கு 1.40 லட்சம், மானியம் 7 லட்சம்.

கேட்கும்போது சுலபமாகத் தெரியும். ஆனால் திட்ட அறிக்கையில் வராத செலவு என்று ஒன்று உண்டு. செட் அட்வான்ஸ், ஒயரிங், மூன்று மாத வாடகை, ஆபரேட்டர் சம்பளம், முதல் பணம் கைக்கு வரும்வரை வீட்டுச் செலவு. எனக்கு அது ஆறு லட்சம் ஆனது. நகையை அடகு வைத்தேன். மானியத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஆறு லட்சத்தையும் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

முதலில் போன வங்கியில் நிலப் பத்திரம் கேட்டார்கள். அப்பா தரத் தயாராக இருந்தார், எனக்குத்தான் மனம் வரவில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் கொடுப்பதற்கென்றே ஒரு கடன் உத்தரவாத நிதி இருக்கிறது என்று தொழில் மையத்தில் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த மேலாளர் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "மெஷின் வாங்கிடுவீங்க. அதுல செய்யறதை யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இரண்டு பம்ப் கம்பெனிகளிடம், மாதம் இவ்வளவு வேலை கொடுப்போம் என்று கடிதம் வாங்கிக்கொண்டு மறு வாரம் போனேன். கடன் கிடைத்ததற்கு அந்த இரண்டு தாள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரே ஊரில் நூற்றுக்கணக்கான பம்ப் கம்பெனிகள் இருப்பதால்தான் ஒரே வாரத்தில் அப்படி இரண்டு கடிதம் வாங்க முடிந்தது.

சரி, அந்த ஐந்து வாரக் கதை. செட்டில் மூன்று முனை மின் இணைப்பு இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னதோடு நிறுத்திவிட்டேன். அனுமதித்த மின்பளு எவ்வளவு என்று கேட்கவில்லை. அது 7 கிலோவாட். என் மெஷினும் கம்ப்ரஸரும் சேர்ந்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 12 கிலோவாட்டைத் தாண்டினால் குறுந்தொழிலுக்கான கட்டண வகையிலிருந்தே வெளியே போய்விடுவோம். கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து, பணம் கட்டி, கேபிள் மாற்றி முடிப்பதற்குள் ஒரு மாத வட்டி ஓடிவிட்டது. அந்தச் செப்டம்பரிலேயே மின் கட்டணமும் உயர்ந்தது. நிலைக் கட்டணம் ஏறியதில் கோவையின் சிறு பட்டறைக்காரர்கள் எல்லோரும் அடிபட்டோம், அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடவும் செய்தோம். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. ஒற்றை மெஷின் வைத்திருப்பவருக்கு அது சாதாரணச் சுமை இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மின் அட்டையில் இருக்கும் அந்த எண்ணைப் பாருங்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்த பத்தாவது நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். 200 பேரிங் ஹவுசிங், வார்ப்பிரும்பு. 6205 பேரிங் உட்காரும் துளை 52 மில்லிமீட்டர். பூஜ்ஜியத்திலிருந்து 30 மைக்ரான் வரை கூடலாம், குறையக் கூடாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். மெஷினிலிருந்து எடுத்ததும் ஒவ்வொன்றையும் அளந்தேன். எட்டு, ஒன்பது, பத்து மைக்ரான் கூடுதல். திருப்தியாக அடுக்கி வைத்தேன். சாயங்காலம் சும்மா ஒன்றை எடுத்து மறுபடி அளந்தால் முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே நிற்கிறது. இன்னொன்று, அதுவும் அப்படியே. அதுவரை முடித்திருந்த நாற்பது துண்டும் அளவுக்குள் இல்லை. ஒன்பது வருடம் அளந்த கை இது, எனக்கு வியர்த்துவிட்டது.

பக்கத்து செட்டில் முப்பது வருடமாக லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். துளையின் உள்ளளவை அளக்கும் தன்னுடைய போர் கேஜையும், அதைச் சரிபார்க்கும் செட்டிங் ரிங்கையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு துண்டைக் கையில் வாங்கி, அளக்காமல், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் மெஷினிலிருந்து வந்தது அது.

"ஏனுங்க அம்மிணி, சூட்டோட அளந்தீங்களாக்கும்?"

கம்பெனியில் என் மேஜைக்கு வந்த எல்லாத் துண்டும் ஆறிய துண்டு. குளிரூட்டிய அறையில் ஒரு நாள் கிடந்து வந்தவை. இங்கே கூலண்ட் இல்லாமல் ஓட்டிய இரும்பு, கை பொறுக்கும் சூடுதான், ஆனால் 20 டிகிரி கூடியிருந்தாலே 52 மில்லிமீட்டருக்கு 11 மைக்ரான் விரியும். ஆறியதும் அந்த 11 மைக்ரான் போய்விடுகிறது. "துளை சின்னதாத்தானுங்க போயிருக்குது, பெருசாகலை. திருப்பிக் கட்டி ஒரு கட் விட்டா தப்பிச்சுக்கும்" என்று சொல்லி, துண்டை மையம் பார்த்துக் கட்டுவதற்கு டயலை வைத்து அவரே காட்டிக் கொடுத்தார். இரவு ஒரு மணிக்கு நாற்பதும் முடிந்தது. போர் கேஜை நான் சொந்தமாக வாங்கும்வரை, மூன்று வாரம், என்னிடமே விட்டுவைத்தார். காசு எதுவும் கேட்கவில்லை.

தனி ஒருவரின் நல்ல மனசு என்று இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. நல்ல மனசுதான். ஆனால் அந்த அனுபவமும் அந்தக் கருவியும் பக்கத்து செட்டில் இருந்ததற்குப் பின்னால் நூறு வருட வேலை இருக்கிறது. இந்தப் பக்கம் கரிசல் மண், பருத்தி, ஆழக் கிணறுகள். தண்ணீர் இறைக்கப் பம்ப் வேண்டியிருந்தது. பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926-ல் வந்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை இங்கே செய்தார்கள். ஆலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யப் பவுண்டரிகள் வந்தன, பவுண்டரிக்காக மரத்தில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) செய்யும் ஆசாரிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் லேத் பட்டறைகள். 1950-களில் வெட் கிரைண்டரும் இங்கேதான் பிறந்தது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி எல்லாம் இதே ஊரில். 1969-ல் தொடங்கிய கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கங்களும் பம்பைச் சோதித்துப் பார்க்க சிட்டார்க் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், என் செட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வார்ப்பு, பேட்டர்ன், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், பிளேட்டிங் எல்லாம் முடிந்துவிடும். பட்டறைகள் நிறைந்த ஆவாரம்பாளையத்துக்கு ஸ்கூட்டியிலேயே போய்விடலாம். இன்செர்ட், அதாவது இரும்பை வெட்டும் முனை, தீர்ந்துவிட்டால் நஞ்சப்பா ரோட்டுக் கடையில் பெட்டியாக வாங்காமல் இரண்டே இரண்டு முனைகூட வாங்கலாம், கடனுக்கும் கொடுப்பார்கள். மெஷின் நின்றால் சர்வீஸ் ஆள் அன்றைக்கே வருவார், ஏனென்றால் மெஷின் செய்யும் கம்பெனியே இந்த ஊரில்தான் இருக்கிறது.

என்னோடு டிப்ளமோ படித்த ஒருவர் சிவகங்கைப் பக்கம் இதே மாதிரி மெஷினைப் போட்டார். தொழிலில் பின்தங்கிய ஒன்றியங்களுக்கு அரசு தரும் சலுகைகள் அவருக்குக் கிடைத்தன, இடமும் சொந்தம். ஆனால் ஒரு இன்செர்ட் கூரியரில் வர இரண்டு நாள், சர்வீஸ் ஆள் வர நான்கு நாள். அந்த நாட்களில் மெஷின் சும்மா நின்றது. திறமையில் அவர் எனக்கு ஒரு படி மேல். அதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கும். நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம், இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் இங்கேதான் என்று பெருமையாகச் சொல்கிறோம், நானும் சொல்வேன். ஆனால் எல்லா வேலையும் பக்கத்திலேயே முடியும் இந்த மாதிரித் தெருக்கள் எல்லா மாவட்டத்திலும் உருவாகவில்லை. மானியத்தை மட்டும் கொடுத்துவிட்டு அவற்றை எதிர்பார்க்க முடியாது.

நெருக்கமாக இருப்பதில் நஷ்டமும் உண்டு. ஒரு மணி நேர மெஷின் ஓட்டத்துக்கு நான் 350 ரூபாய் கேட்டால், அடுத்த தெருவில் 320-க்குச் செய்ய ஆள் இருக்கிறார். குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்து குறைந்த விலைக்குப் பம்ப் வந்து இறங்கும்போது கம்பெனிகள் எங்கள் கூலியில்தான் கை வைக்கும்.

அதைவிடக் கஷ்டம், பணம் வருவது. முதல் வருடம் ஒரு கம்பெனி நான்கு மாதம் இழுத்தது. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்கக் கோவையிலேயே மன்றம் உண்டு. நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம், இந்தத் தெருவில் எல்லோருக்கும் இருக்கும் பயம்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடுவுக்குள்ளும் தராமல் அந்த நிதியாண்டு முடிவதற்குள்ளும் தராத தொகையை, பொருள் வாங்குகிற கம்பெனி அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்று வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு பணம் கேட்டு நான் போன் செய்வேன். இப்போது மார்ச் பிறந்தால் அவர்களே கூப்பிட்டு என் உத்யம் சான்றிதழைக் கேட்கிறார்கள்.

2024-ல் இரண்டாவது மெஷினைப் போட்டேன். இப்போது நான்கு பேர் வேலை செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் ஐ.டி.ஐ. முடித்த பெண்கள். மூன்றாவதாக, ஷாஃப்டில் கீவே எனும் நீளப் பள்ளம் போட ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) வாங்கலாமா என்று போன மாதம் விலைப்பட்டியல் வாங்கினேன். மாதத் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி ஒருவர் கீவே மட்டுமே போட்டுக் கொடுக்கிறார், துண்டுக்கு ஆறு ரூபாய். விலைப்பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். இந்த வாரம் 400 ஷாஃப்ட் அவரிடம் போயிருக்கிறது, வியாழக்கிழமை வந்துவிடும்.