பிரேக் பேடு மாற்றுவது எளிது, கேலிப்பர் பின்தான் பாடு

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் ஏற்றுவேன் என்பதால் என் பொலேரோ பிக்கப்புக்குப் பாதி ஓய்வு. வண்டி வேலையெல்லாம் அப்போதுதான்.

இந்த முறை முன்பக்க பிரேக். பாம்பன் பாலத்திலிருந்து மண்டபம் பக்கம் இறங்கும்போது மிதித்தால் கிரீச் என்று ஒரு சத்தம். கூடவே வண்டி இடப்பக்கம் இழுத்தது. சத்தத்தைவிட அந்த இழுவைதான் எனக்குப் பயம்.

எங்கள் முற்றம் முழுக்க மணல். ஜாக்கியை அப்படியே வைத்தால் இறங்கிவிடும், அதனால் அடியில் பனம்பலகை போட்டேன். பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, அப்புறம்தான் தூக்கினேன். தூக்கியதும் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கை விடாதீர்கள்.

வலது சக்கரத்தைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்தது. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் உள்பக்கப் பேடு தகடு வரை தேய்ந்திருந்தது, வெளிப்பக்கப் பேடு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அக்கா மகன் கூட இருந்தான்.

"புதுப் பேடு போட்டா சரியாயிரும்ல மாமா?"

"முதல்ல பின்னை ஆட்டிப் பாருடா."

ஆடவே இல்லை. பேடுகளை அழுத்தும் கவ்விதான் கேலிப்பர், அது அந்த இரண்டு பின்னின் மேல்தான் நகர வேண்டும். அது இறுகிவிட்டால் பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை மட்டும் அழுத்தும். அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது, வண்டி மறுபக்கம் இழுக்கும். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் செய்கிற வேலை இது. 1914-லிருந்து நின்ற பழைய ரயில் பாலத்திலேயே துரு ஏறி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. ஒரு விரல் தடிமன் பின் எம்மாத்திரம்?

துரு இளக்கும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பானாவால் முன்னும் பின்னும் திருகித் திருகி ஒரு மணி நேரம் ஆனது. உப்புத்தாளால் தேய்த்து, கிழிந்திருந்த ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிகான் கிரீஸைத் தடவினேன். சாதா கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி, பின் மறுபடி இறுகிவிடும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. கேலிப்பரை பிரேக் ஓஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் கட்டினேன். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து, பழைய பேடை நடுவில் வைத்து கிளாம்பால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன். அப்போது டப்பாவில் ஆயில் ஏறும், வழியப் பார்த்தால் ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சிவிடுங்கள். பெயின்டில் பட்டால் அரித்துவிடும். இடப்பக்கப் பேடு தேயாமல் இருந்தும் அதையும் மாற்றினேன். பேடு எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

வண்டியை நகர்த்தும் முன் பெடலை இறுகும் வரை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் தரை வரைக்கும் போகும், அந்த நிலையில் கிளப்பினால் வண்டி நிற்காது. பிறகு உச்சிப்புளி ரோட்டில் விடியற்காலை ஆள் இல்லாத நேரம் பார்த்து, வேகம் எடுப்பதும் மெல்லக் குறைப்பதுமாகப் பத்துத் தடவை. இழுவை இல்லை.

இப்போது லோடு இறக்கியதும் சக்கரத்துக்கு உள்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துவிடுகிறேன். கார்த்திகை மழை விட்டதும் பின்னை மட்டும் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். அக்கா மகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.