குக்கர் ஸ்க்ரூவில் தொடங்கியது: மல்டி டூல் தேடிய ஐந்து மாதம்

பாக்கெட்டில் கிடக்கிற மாதிரி ஒரு மல்டி டூல், அதாவது கத்தி, ஸ்க்ரூ டிரைவர் என்று பல கருவிகள் மடங்கியிருக்கும் ஒரே கருவி, வாங்க வேண்டும் என்ற எண்ணம் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு விஷயங்களால் வந்தது. வீட்டில் பிரஷர் குக்கரின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. டூல் பாக்ஸ் பரண்மேல் இருந்ததால் அம்மா கரண்டிக் காம்பின் முனையை வைத்து ஸ்க்ரூவை முறுக்கிப் பார்த்தார். அது ஸ்டார் ஸ்க்ரூ, காம்பு வழுக்கிக்கொண்டே போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போனோம். ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். ஏறும் வழியில் நண்பனுடைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. கட்டுவதற்கு நைலான் கயிறு இருந்தது, வெட்டத்தான் எதுவும் இல்லை. ஐந்து பேர் போயும் ஒருவரிடமும் ஒரு பிளேடு கிடையாது. கடைசியில் கயிற்றைப் பாறை விளிம்பில் தேய்த்துத் தேய்த்து அறுத்தோம்.

முதலில் வாங்கியது நடைபாதைக் கடையில் 250 ரூபாய்க்குக் கிடைத்த ஒன்று. அட்டையில் பதினொரு கருவி என்று போட்டிருந்தது. இரண்டாவது தடவை குக்கர் ஸ்க்ரூவில் வைத்துக் கொஞ்சம் அழுத்தித் திருகியபோது ஸ்க்ரூ நகரவில்லை, கருவியின் முனைதான் முறுக்கிக்கொண்டது. இரும்பு அவ்வளவு மென்மை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள், எந்த ஸ்டீல், எவ்வளவு கடினம் என்று பாருங்கள். சுவிஸ் மடக்குக் கத்தி நிறுவனமான விக்டரினாக்ஸ் தன் கத்தி அலகுக்கு, உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில், 56 என்று சொல்கிறது. மரம் அறுக்கும் ரம்பமும் கத்தரியும் 53, ஸ்க்ரூ டிரைவரும் டின் ஓப்பனரும் 52, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் 49. எல்லாவற்றையும் ஒரே கடினத்தில் செய்வதில்லை. வெட்டுவது கூர்மையைத் தாங்க வேண்டும், திருகுவது ஒடியாமல் இருக்க வேண்டும், ஸ்பிரிங் வளைந்து கொடுக்க வேண்டும். வேலைக்கு ஏற்ற கடினம்.

அடுத்து மச்சான் தன்னுடைய லெதர்மேன் வேவ் ப்ளஸை, பிளேயரோடு வரும் பெரிய மல்டி டூலை, ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொன்னார். “மாப்ள, இத வெச்சு ஒரு வீட்டையே பிரிச்சுக் கட்டலாம்” என்றார். மிகையாகச் சொல்லவில்லை. டிம் லெதர்மேன் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, வண்டியும் ஓட்டல் குழாய்களும் படுத்திய பாட்டில்தான் கட்டிங் பிளேயரோடு சேர்ந்த மடக்குக் கத்தி என்ற யோசனை அவருக்கு வந்தது. 1980இல் காப்புரிமை வாங்கி 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரிப்பேருக்கென்றே பிறந்த கருவி என்பது கையில் எடுத்ததும் தெரிகிறது. பாத்ரூம் குழாயின் நட்டைப் பிடித்துத் திருகினேன், அசையாமல் பிடித்தது.

ஆனால் எடை 241 கிராம். அதைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பர்வதமலை ஏறினேன். கடப்பாறைகளை அடித்து நட்டிருக்கும் செங்குத்துப் பாறையில் காலைத் தூக்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் தொடையில் இடித்தது. பாதி வழியில் எடுத்து முதுகுப்பைக்குள் போட்டேன். முதுகுப்பைக்குள் போனபிறகு அதை நான் ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. கருவி எவ்வளவு நல்லது என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

சரி, எனக்கு உண்மையில் என்னதான் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பார்க்க முடிவுசெய்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கிற தேதித்தாளின் பின்பக்கத்தில், அன்றைக்கு எந்தக் கருவி தேவைப்பட்டதோ அதை எழுதிவைத்தேன். கையில் அந்தக் கருவி இருந்ததா என்பது கணக்கில்லை, தேவைப்பட்டால் எழுதுவேன். நாற்பது நாள் தாள்களை ஒரு கிளிப்பில் சேர்த்து எண்ணியபோது கத்தரி 31, கத்தி 22, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் 11, முள் எடுக்கும் இடுக்கி 4, கட்டிங் பிளேயர் 2.

கத்தரிதான் முதலிடம் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பால் பாக்கெட், மாத்திரை அட்டை, பூச்சரத்தின் நூல், புதுச்சட்டையின் லேபிள், மகளின் கைவேலைத் தாள், கால்விரலில் ஒட்டும் பிளாஸ்டர் என்று பார்த்தால் எல்லாமே கத்தரி வேலை. கூரியர் பெட்டியின் டேப்பைக் கிழிப்பது, கொய்யா நறுக்குவது கத்திக்கு. பிளேயர் தேவைப்பட்ட இரண்டு தடவையும் வீட்டில்தான், அங்கே பெரிய பிளேயர் இருக்கிறது. மலைக்குப் பிளேயர் தூக்கிப் போக வேண்டிய காரணம் எனக்கு இல்லை. வண்டியில் நீண்ட தூரம் போகிறவருக்கும், எரிவாயு அடுப்பில் சூடான பாத்திரத்தைப் பிடித்துத் தூக்குகிற முகாம்காரருக்கும் கணக்கு வேறாக இருக்கும்.

இந்தக் கணக்கோடு வாங்கியது விக்டரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி. 58 மில்லிமீட்டர் நீளம், எங்கள் சமையலறைத் தராசில் 21 கிராம். சாவிக்கொத்தில் கிடந்தது. அந்தக் குட்டிக் கத்தரி இவ்வளவு சுத்தமாக வெட்டும் என்று கையில் எடுக்கும்வரை நம்பமாட்டீர்கள். நகம் தேய்க்கும் அரத்தின் நுனி சின்ன ஸ்க்ரூக்களைத் திருகும், ரிமோட்டின் பேட்டரி மூடிக்குப் போதும். குக்கர் ஸ்க்ரூவுக்கு அது போதவில்லை. கத்தியும் மாம்பழத்தின் பாதியோடு நின்றுவிடும். இரண்டு மாதம் சந்தோஷமாக வைத்திருந்தேன். ஒரு நாள் அவசரப் பயணத்தில் சாவிக்கொத்தோடு விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விட்டேன், அது அங்கேயே தங்கிவிட்டது. கைப்பையில் கத்தி கொண்டுபோகக் கூடாது. பெரிய பெட்டியில் போட்டு ஏற்றிவிட வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டியிருப்பவர்கள் கிளம்பும் முன் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் விக்டரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் நீளக் கத்தி வரிசைக்கு வந்தேன். இந்த வரிசையின் மூதாதைக்கும் எடைதான் பிரச்சினையாக இருந்தது. விக்டரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்ஸனர் 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த சிப்பாய்க் கத்தி துப்பாக்கியைப் பிரிக்கவும் டின் திறக்கவும் ஏற்றது, உறுதியானது, ஆனால் கனம். 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிக் கத்தி அதைவிட இலேசு. ஒரே ஸ்பிரிங்கை இரண்டு பக்கக் கருவிகளுக்கும் பொதுவாக்கியது அதில் முக்கியமான யோசனை. இன்றைக்கும் கத்தியின் முதுகைத் தடவினால் அந்த ஸ்பிரிங்கின் தட்டையான விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும்.

டிங்கர் என்ற மாடல் 62 கிராம், ஸ்டார் டிரைவர் உண்டு, கத்தரி கிடையாது. காம்பாக்ட் 64 கிராம், கத்தரி உண்டு, தனி ஸ்டார் டிரைவர் கிடையாது. என் தேதித்தாள் கணக்குக்கு இரண்டும் வேண்டும். அதனால் சூப்பர் டிங்கர் எடுத்தேன். பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரி, முதுகுப்பக்கம் ஸ்டார் டிரைவர், துளையூசி, கொக்கி, டின்னும் பாட்டிலும் திறப்பவை, இடுக்கி, பல்குச்சி. எடை எண்பது கிராமைத் தாண்டும், வேவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பாக்கெட்டில் இருப்பதே தெரியவில்லை.

குக்கரில் வைத்துப் பார்த்தேன். ஸ்டார் டிரைவர் உடலுக்குச் செங்குத்தாகத் திறக்கிறது, மொத்தக் கத்தியும் கைப்பிடியாகிவிடுவதால் முறுக்கு விசை நிறையக் கிடைக்கிறது. குறையும் அங்கேதான். சுற்றிலும் இடம் வேண்டும். பாதிச் சுற்றில் கத்தியின் வால் குக்கர் கைப்பிடியில் இடித்தது. எடுத்து, திருப்பி வைத்து, மறுபடி பாதிச் சுற்று. ஆறேழு தடவையில் இறுகிவிட்டது. அம்மா ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது இங்கயே இருக்கட்டும்பா” என்றார்.

டிசம்பரில் கொடைக்கானல், வட்டக்கானலிலிருந்து டால்பின்ஸ் நோஸ் வரை நடந்தோம். கிளம்பும் முன் கத்தியின் மூட்டுகளில் தேங்காயெண்ணெய் விட்டிருந்தேன். காலையில் கத்தி திறக்கவே இல்லை, நகம் பிய்ந்துவிடும் போலிருந்தது. கையில் வைத்து ஊதிச் சூடேற்றியபிறகுதான் அசைந்தது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், கொடைக்கானல் குளிருக்குக் கேட்க வேண்டுமா. சமையல் எண்ணெய்கள் நாளாக ஆகப் பிசினாகவும் மாறும். இப்போது உணவுத்தர மினரல் ஆயில் ஒரு துளி, அவ்வளவுதான். தேங்காயெண்ணெயை அலகில் ஒட்டிய பலாப்பிசின் துடைக்க மட்டும் வைத்திருக்கிறேன், அதற்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

அந்த நடையில் மகள் செருப்போடு வந்திருந்தாள். திரும்பும் வழியில் ஒரு முள் குதிகாலில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. கருப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. இடுக்கியை உருவி, தோலை இரண்டு விரலால் அழுத்தி, புள்ளி மேலெழும்பியதும் பிடித்து, ஏறிய சாய்விலேயே இழுத்தேன். அரிசி மணியில் பாதி நீளம். “அப்பா, அத நான் வெச்சுக்கவா?” என்று வாங்கித் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் டின் மூடியை அலகின் முனையால் குத்தினேன். அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. தையல் தேவைப்படவில்லை, ஆனால் இரண்டு வாரம் தட்டச்சு செய்ய முடியவில்லை. வெட்டும்போது கூர்ப்பக்கம் அழுத்தினால் அலகு திறந்த நிலையிலேயே நிற்கும். முனையால் குத்தினால் மடங்கப் பார்க்கும். துளையிட ஊசி இருக்கிறது, டின்னுக்கு டின் ஓப்பனர் இருக்கிறது.

கழுவுவது எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, எல்லாவற்றையும் உள்ளேயே திறந்து மூடி, ஒரு நாள் திறந்தபடி காயவிட்டு எண்ணெய் விடுகிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய் நறுக்கினால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். ஒரு தடவை அப்படியே மடக்கி வைத்து, மறுநாள் மூட்டருகே பழுப்புப் புள்ளிகள் பார்த்தேன்.

இனி பார்க்க வேண்டியது கொக்கி. தேங்காய் போட்ட மெல்லிய பையின் பிடியை அதில் மாட்டித் தூக்கினால் விரல் அறுபடுவதில்லை, இதுவரை அதற்கு மட்டும் பயன்பட்டிருக்கிறது. பிப்ரவரியில் மறுபடி பர்வதமலை போகிறோம். இந்தத் தடவை முன்பாக்கெட்டிலேயே வைத்து ஏறப்போகிறேன். குக்கருக்கு அம்மா தனியாக ஒரு ஸ்டார் டிரைவர் கேட்டிருக்கிறார், அதையும் வாங்க வேண்டும்.